வளைந்து போகும் அம்பு: விறைப்பையும் எடையையும் வில்லுக்குப் பொருத்துதல்

கோத்தகிரியில் எங்கள் வீட்டின் பின்புறம், தேயிலைச் செடிகள் முடிகிற இடத்தில், மண்மேட்டை முதுகாகக் கொண்டு நான்கு கோணிச் சாக்குகளைப் பழந்துணி திணித்து அடுக்கி வைத்திருக்கிறேன். பதினைந்து மீட்டர் தள்ளி நின்று ஆறு அம்புகளை எய்தால் நான்கு அம்புகள் ஒரு கைக்குட்டை அளவு இடத்தில் குத்தி நிற்கும். மற்ற இரண்டும் வலப்பக்கமாக நான்கு விரற்கடை விலகி நிற்கும். பல நாள் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அம்புகளின் கடைப்பகுதியில் எண் எழுதி வைத்த பிறகுதான், விலகிப்போனவை ஒவ்வொரு முறையும் மூன்றாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் மட்டுமே என்பது விளங்கியது. நீளம், முனை, இறகு ஆகிய அனைத்திலும் ஆறும் ஒன்றுபோலவே இருந்தன. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், அதாவது தண்டு வளையும் அளவில் இருந்தது.

கப்பியும் குறிநோக்கியும் இல்லாத மரபு வில்லை, நாணை விரலால் இழுத்து எய்யும் வில்லை, புதிதாகக் கையில் எடுப்பவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இந்த வளைவைத்தான் என்பது என் கருத்து. எடை அதற்கு அடுத்தது. இரண்டையும் தனித்தனியே சரிசெய்துவிடலாம் என்று தோன்றும்; ஆனால் எடையைத் தொட்டால் வளைவும் மாறும் என்பதால், இவற்றை ஒரே கணக்கின் இரு பக்கங்களாகப் பார்ப்பதே நல்லது.

இந்தக் கணக்கைப் பெரிதும் வளர்த்தவர்கள் வில்வேட்டைக்காரர்கள். அமெரிக்காவில் உரிமம் பெற்று, பருவம் பார்த்து, மரபு வில்லால் மான் வேட்டையாடுவது இன்றும் சட்டப்படி நடக்கிறது. நம் நாட்டில் அதற்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. ஆயுதம் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி அவற்றைக் கொண்டுசெல்வதும் குற்றம். முதுமலையோ முக்கூர்த்தியோ கொடைக்கானல் சரணாலயமோ, எதுவாக இருந்தாலும் வில்லை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் தோட்டத்துக்கு மாலையில் காட்டெருமைகள் இறங்கி வருவதுண்டு. முதல் கொம்பு தெரிந்தவுடன் நாணை இறக்கிவிட்டு உள்ளே போய்விடுவது எங்கள் வழக்கம். ஆக, வேட்டைக்காரர்களின் அறிவை நாம் சாக்கின் மீது பயன்படுத்துகிறோம். இதே நீலகிரியில் தோடர் மக்கள் புலால் உண்ணாதவர்கள், வேட்டையாடாதவர்கள். ஆயினும் மனைவி கருவுற்ற ஏழாம் மாத அளவில் கணவன் அவள் கையில் ஒரு சிறு வில்லையும் அம்பையும் கொடுக்கும் சடங்கு அவர்களிடம் உண்டு. குழந்தைக்குத் தந்தை யார் என்பதை உறுதிசெய்வது அந்தச் சடங்குதான். வில் இருக்குமிடமெல்லாம் வேட்டை இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டாம்.

இனி வளைவுக்கு வருவோம். நேரான அம்பு நேராகப் போகும் என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால் வில்லின் அமைப்பைச் சற்றுக் கவனித்தால் ஒரு சிக்கல் புலப்படும். வலக்கையால் நாணை இழுப்பவருக்கு அம்பு வில்லின் இடப்பக்கத்தில் அமர்ந்திருக்கிறது. நாணோ வில்லின் நடுக்கோட்டில் ஓடுகிறது. எனவே நாணேற்றிய வில்லில் அம்பை வெறுமனே பொருத்திப் பார்த்தால் அதன் முனை இலக்குக்கு இடப்புறமாக நோக்கும். நாண் முன்னோக்கிப் பாயும்போது அம்பின் கடையை நடுக்கோட்டுக்கு இழுத்துச் செல்கிறது, வில்லின் பிடியோ தண்டின் வழியில் நிற்கிறது. அப்படியானால் ஒவ்வோர் அம்பும் இடப்புறம் ஓடிப்போக வேண்டும் அல்லவா? ஓடுவதில்லை. இதற்கு வில்லாளியின் முரண் என்று பெயரிட்டவர் ராபர்ட் எல்மர் என்ற அமெரிக்கர். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதிவேகப் படக்கருவியால் இதைப் படமெடுத்தபோது, உண்மையில் நிகழ்வது என்ன என்பது கண்ணாலேயே காணக் கிடைத்தது.

விரல்களை விட்டு நழுவும் நாண் நேர்க்கோட்டில் புறப்படுவதில்லை. விரல் நுனிகளைச் சுற்றிக்கொண்டு சற்றே இடப்பக்கம் ஒதுங்கித்தான் புறப்படுகிறது. அம்பின் கடை அதனுடன் ஒதுங்குகிறது. கனமான முனையோ அசைய மறுக்கிறது. இடையில் அகப்பட்ட தண்டு வில்லின் பக்கமாக வளைகிறது. அடுத்த நொடிக்கூறில் அது மீண்டு, எதிர்ப்பக்கமாக, அதாவது வில்லை விட்டு வெளிப்புறமாக வளைகிறது. இந்த இரண்டாம் வளைவின்போது தண்டின் நடுப்பகுதி வில்லைச் சுற்றிக்கொண்டு போகிறது. மூன்றாம் முறை வளையும்போது கடைப்பகுதியும் இறகுகளும் வில்லைத் தொடாமல் விலகிச் செல்கின்றன. ஆற்றில் மீன் பாறையைச் சுற்றிப் போவதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். நாண் அம்பைத் தள்ளுகிற நேரம் முழுவதும் சேர்ந்தே ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் இவ்வளவும் நடந்து முடிய வேண்டும்.

ஆகவே அம்பு வளைவது குறையன்று. உரிய நேரத்தில் உரிய அளவு வளைய வேண்டும் என்பதே தேவை. தண்டு மிகவும் விறைப்பாக இருந்தால் வளையாமல் வில்லில் இடித்துக்கொண்டு, வலக்கையாளருக்கு இடப்புறம் போகும். மிகவும் தளர்வாக இருந்தால் அளவுக்கு மேல் வளைந்து வலப்புறம் போகும். என்னுடைய மூன்றாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் வலப்புறம் போயின. அவை தளர்ந்த தண்டுகள். இடக்கையாளர்கள் இந்தக் கட்டுரை முழுவதும் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

தண்டின் விறைப்பை வில் பயில்வோர் ஸ்பைன் என்று சொல்கிறார்கள். அதை அளப்பது கடினமன்று. மரத் தண்டுக்கான வழக்கம் இது: 26 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகளை வைத்து, அவற்றின் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, தண்டு எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்க வேண்டும். 26ஐ அந்தத் தாழ்வின் அங்குல அளவால் வகுத்தால் வருவதே பவுண்டுக் கணக்கில் அதன் விறைப்பு. மில்லிமீட்டரில் அளப்பவர்கள் 660ஐத் தாழ்வால் வகுக்கலாம். 13.2 மில்லிமீட்டர் தாழ்ந்தால் 50 பவுண்டு, 16.5 மில்லிமீட்டர் தாழ்ந்தால் 40 பவுண்டு. அது ஏறத்தாழ அந்த இழுவிசையுள்ள வில்லுக்கு ஏற்ற தண்டு என்பது இந்த எண்ணின் பொருள்.

வீட்டுத் திண்ணையில் இதற்கென நான் செய்து வைத்திருப்பது, பழைய கதவுப் பலகையில் 26 அங்குலம் தள்ளி அடித்த இரண்டு தடித்த ஆணிகள், சமையலறைத் தராசில் துல்லியமாக 907 கிராம் நிறுத்துக் கட்டிய ஒரு மணல் பை, ஒரு வெர்னியர் அளவி, இவ்வளவுதான். பையைத் தண்டின் நடுவில் கொக்கியில் மாட்டிவிட்டு, அது ஆடி அடங்கும் வரை காத்திருந்து அளக்க வேண்டும். அவசரப்பட்டால் அரை மில்லிமீட்டர் பிசகும், அரை மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 2 பவுண்டு. என் ஆறு அம்புகளில் நான்கு 13.8 முதல் 14.3 மில்லிமீட்டர் வரை தாழ்ந்தன. அவை 46 முதல் 48 பவுண்டு வரை. மூன்றாம் எண் 16.1, ஐந்தாம் எண் 15.9. இரண்டுமே 41 பவுண்டை ஒட்டியவை. ஒரு டஜன் தண்டுகளையும் 45 முதல் 50 பவுண்டு வரை என்று அட்டை ஒட்டி அனுப்பிய கடைக்கு நான் எழுதவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த அட்டையையும் நம்புவதில்லை. மரம் மரம்தான், ஒரே பலகையிலிருந்து அறுத்த இரண்டு குச்சிகள்கூட ஒன்றுபோல் வளைவதில்லை.

கார்பன் தண்டு வாங்குபவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. அதற்குத் தாங்கிகளின் இடைவெளி 28 அங்குலம், எடை 880 கிராம். தாழ்வை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக எண்ணி அப்படியே தண்டில் அச்சிட்டுவிடுகிறார்கள். 500 என்று எழுதியிருந்தால் அரை அங்குலம் தாழ்கிறது என்று பொருள். 600 என்பது அதைவிடத் தளர்ந்தது. மரத்தில் எண் கூடினால் விறைப்பு கூடும், கார்பனில் எண் கூடினால் விறைப்பு குறையும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு தவறான தண்டு வாங்கியவர்கள் ஏராளம்.

திண்ணையில் அளந்த விறைப்பு நிலையான விறைப்பு மட்டுமே. வில்லில் பூட்டி எய்யும்போது தண்டு காட்டுகிற விறைப்பு வேறு. நம் அம்பு எங்கே போகிறது என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அதை மாற்றுபவற்றுள் முதலாவது நீளம். தாங்கிகளுக்கு இடையே தண்டு எவ்வளவு நீளமோ, அதன் மூன்றடுக்குப் பெருக்கத்துக்கு ஏற்ப வளைவு கூடும். 28 அங்குல அம்பை 29 அங்குலமாக்கினால் வளைவு 11 சதவீதம் கூடுகிறது; 30 அங்குலமாக்கினால் 23 சதவீதம். மர அம்பு செய்பவர்களிடம் வழங்கும் "ஓர் அங்குலத்துக்கு 5 பவுண்டு" என்ற வாய்ப்பாடு இதிலிருந்து பிறந்ததுதான்: 28 அங்குலத்துக்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 5 பவுண்டு விறைப்பான தண்டு எடுக்க வேண்டும். தடிமன் இதைவிடக் கூர்மையாக வேலை செய்கிறது. அது நான்கடுக்கில் பெருகும். 5/16 அங்குலத் தண்டுக்கும் 11/32 அங்குலத் தண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் ஒரே மரமானால் இரண்டாவது ஏறத்தாழ 46 சதவீதம் விறைப்பு மிகுந்தது. மர அம்பு தளர்ந்திருந்தால் தண்டை வெட்டலாம், விறைத்திருந்தால் உப்புத்தாளால் தேய்க்கலாம் என்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே. தேய்ப்பவர் கை அடங்கித் தேய்க்க வேண்டும் என்பதன் காரணமும் இதுவே.

அடுத்தது முனையின் எடை. புறப்படும் கணத்தில் முனை அசைய மறுப்பதால்தான் தண்டு வளைகிறது என்று பார்த்தோம். முனை கனத்தால் மறுப்பும் கனக்கும். தண்டு மேலும் வளையும். அதாவது அதே தண்டு தளர்ந்ததுபோல் நடந்துகொள்ளும். முனையை இலேசாக்கினால் விறைத்ததுபோல் நடந்துகொள்ளும். வில்லின் பக்கத்திலும் இதுபோல் சில உண்டு. நாம் உண்மையில் இழுக்கும் விசை கூடினால் தண்டு கூடுதலாக வளையும். வில்லில் "28 அங்குலத்தில் 45 பவுண்டு" என்று எழுதியிருக்கலாம். நம் ஊரில் பலருடைய இழுப்பு 26, 27 அங்குலத்திலேயே நின்றுவிடுவதால், அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு குறைந்து, கையில் கிடைப்பது 40 பவுண்டாகவே இருக்கலாம். பயணப் பெட்டியை நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று இருந்தால் இதை ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். அதைச் செய்யாமல் அம்பு வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவதைப் போன்றது. வில்லின் பிடி நடுக்கோடு வரை வெட்டப்பட்டிருந்தால் அம்பு அதிகம் சுற்றிப்போக வேண்டியதில்லை, விறைப்பான தண்டையும் அது ஏற்றுக்கொள்ளும். வெட்டப்படாத பழைய பாணி நெடுவில்லுக்குத் தளர்ந்த தண்டு வேண்டும். நீளாத புதுவகை நாண் பழைய டேக்ரான் நாணைவிட அதிக விசையைக் கடத்துவதால் சற்று விறைப்பான தண்டைக் கேட்கும். அப்படிப்பட்ட நாணைத் தாங்கும்படி நுனி வலுவூட்டப்படாத பழைய வில்லில் அதைப் பூட்டினால் வில்லே உடையக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எடைக்கு வருவோம். அம்பின் எடையைக் கிரெயின் என்ற பழைய ஆங்கில அளவில் சொல்வது உலக வழக்கம். ஒரு பவுண்டில் 7000 கிரெயின்; ஒரு கிராமில் 15.43 கிரெயின். நகைக்கடைத் தராசு போன்ற சிறு டிஜிட்டல் தராசு ஒன்றில் கிராமாக நிறுத்து 15.43ஆல் பெருக்கிக்கொண்டால் போதும். அந்த எண்ணை வில்லின் இழுவிசையால் வகுத்தால், ஒரு பவுண்டுக்கு எத்தனை கிரெயின் என்று தெரியும். மரபு வில்லுக்கு 8 முதல் 10 வரை இருப்பது நல்லது. மரத்தாலேயே ஆன வில்லுக்கு 10ஐ ஒட்டி இருப்பது பாதுகாப்பு. என் அம்பில் தண்டு 20 கிராம், முனை 8.1 கிராம், இறகு, மெருகெண்ணெய், நாணைக் கவ்வும் பிளவான நாக் ஆகியவை சேர்ந்து 1.4 கிராம், ஆக 29.5 கிராம், அதாவது 455 கிரெயின். 45 பவுண்டு வில்லுக்கு இது பவுண்டுக்குப் பத்துக்குச் சற்று மேல்.

இலேசான அம்பு வேகமாகப் போகுமே, அதையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். வில்லில் சேர்ந்த ஆற்றல் முழுவதையும் அம்பு எடுத்துக்கொண்டு போவதில்லை. ஒரு பகுதி நாணிலும் வில்லின் கைகளிலும் தங்கிவிடுகிறது. அம்பு இலேசாக இலேசாக அந்த மிச்சம் கூடுகிறது. அது கையில் அதிர்வாகவும் காதில் ஓசையாகவும் வெளிப்படுகிறது. நாளடைவில் வில்லில் விரிசலாகவும் வெளிப்படலாம். அம்பே இல்லாமல் நாணை இழுத்து விடுவது வில்லை உடைக்கும் என்பது இந்த வரிசையின் கடைசிப் படிதான். மறுபுறம், அம்பை 25 சதவீதம் கனமாக்கினால் வேகம் 25 சதவீதம் குறைவதில்லை. ஏறத்தாழ எட்டு ஒன்பது சதவீதமே குறையும். எடையும் வேகமும் சேர்ந்த உந்தமோ கூடுகிறது. வேட்டைக்காரர்கள் கன அம்பை விரும்புவது இதனால்தான்: சத்தம் குறைவு என்பதால் மான் துள்ளி விலகுவதும் குறைவு, எலும்பில் பட்டாலும் அம்பு நின்றுவிடாமல் உட்புகும். 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் எட் ஆஷ்பி என்பவர் வேட்டையாடப்பட்ட விலங்குகளில் அம்பு புகும் ஆழத்தை முறையாக ஆராய்ந்து, 650 கிரெயின் அளவிலான அம்புகளுக்காக வாதாடினார். அவருடைய எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு 40 பவுண்டு வில்லில் பூட்டுவது சாக்கில் எய்யும் நமக்குத் தேவையற்ற சுமை என்பேன்.

கனத்துக்கு நாம் கொடுக்கும் விலை அம்பின் தாழ்வு. நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் புறப்படும் அம்பு 20 மீட்டர் போவதற்குள் புவியீர்ப்பால் 78 சென்டிமீட்டர் தாழ்கிறது. 46 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் 93 சென்டிமீட்டர். இடையிலுள்ள 15 சென்டிமீட்டர், குறிநோக்கி இல்லாமல் கண்மதிப்பில் எய்பவருக்குச் சிறிதன்று. ஆனால் அது எப்போதும் ஒரே அளவு தாழ்வு, கண் பழகிவிடும். அம்புக்கு அம்பு எடை மாறுவதற்கு மட்டும் எந்தக் கண்ணும் பழகாது. ஆகவே சரியான எடையைத் தேடி அலைவதைவிட, ஒரு தொகுதி அம்புகளை ஒன்றுக்கொன்று அரை கிராமுக்குள் ஒத்துப்போகச் செய்வதில் நேரத்தைச் செலவிடுங்கள்.

அந்த எடை அம்பின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதும் முக்கியம். அம்பை விரலின் மேல் கிடத்திச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்தால், அது நடுவைவிட முனைப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும். என் அம்பின் நீளம் நாக் பிளவிலிருந்து தண்டின் முடிவு வரை 73.7 சென்டிமீட்டர், பாதி 36.85. சமநிலைப் புள்ளி கடையிலிருந்து 45 சென்டிமீட்டரில் இருக்கிறது. இடைவெளி 8.15, மொத்த நீளத்தில் அது 11 சதவீதம். 10 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் அம்பு தலையை முன்னே வைத்து ஒழுங்காகப் பறக்கும். வாலில் கனத்த அம்பு காற்றில் தடுமாறும். இந்தச் சதவீதத்தைக் கூட்ட முனையைக் கனமாக்குவோம். கனமாக்கியதும் தண்டு தளர்ந்ததுபோல் நடக்கும். பிறகு அதை ஈடுகட்டத் தண்டைக் குறைப்போம். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று ஆடும் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

இறகுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு அங்குல இறகு மூன்று, மூன்றும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்தவையாக இருந்தால் போதும். வில்லின் மரத்தையே தாங்கியாகக் கொண்டு எய்பவர்கள் பிளாஸ்டிக் இறகைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் பறவை இறகு மரத்தில் பட்டால் படிந்து கொடுக்கும், பிளாஸ்டிக் மோதித் தள்ளும். ஆனால் ஒன்று: இறகு தண்டின் தவறை மறைக்கும். கோணலாகப் புறப்பட்ட அம்பையும் பத்து மீட்டருக்குள் இழுத்து நேராக்கிவிடும். அதனால்தான் தண்டின் குணத்தை அறிய இறகில்லாத அம்பை எய்து பார்க்கிறார்கள்.

அந்தச் சோதனை இப்படி. இறகுள்ள அம்புகள் மூன்றையும், அதே தண்டு, அதே நீளம், அதே முனை கொண்ட இறகில்லா அம்புகள் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முனை சாதாரணப் பயிற்சி முனையாகவே இருக்கட்டும். இறகில்லா அம்பில் வேட்டைக்குரிய கத்தி முனையை ஒருபோதும் பூட்டக் கூடாது, அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டுப் பத்து மீட்டரில் தொடங்குங்கள். முதலில் மேல் கீழ் வேறுபாட்டைத் தீருங்கள். இறகில்லா அம்பு இறகுள்ளவற்றுக்கு மேலே குத்தினால் நாணில் அம்பு பூட்டும் இடம் தாழ்வாக இருக்கிறது. அதை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று உயர்த்த வேண்டும். மிகக் கீழே குத்தினால் இறக்க வேண்டும். இறகுள்ளவற்றின் மட்டத்திலோ ஒரு விரற்கடை கீழேயோ வந்துவிட்டால் போதும். இது முடியாமல் இட வலத்துக்குப் போகாதீர்கள். கடை மேலும் கீழும் துள்ளுகிற அம்பு வில்லில் உரசி, இட வலத்திலும் பொய்யான குறி காட்டும்.

பிறகு பக்கவாட்டு. இறகில்லா அம்பு இடப்புறம் குத்தினால் தண்டு விறைப்பு, வலப்புறம் குத்தினால் தளர்வு. விறைப்பென்றால் முனையைக் கனமாக்குங்கள். தளர்வென்றால் முனையை இலேசாக்குங்கள், அல்லது தண்டை வெட்டுங்கள். வெட்டிய தண்டை ஒட்ட முடியாது என்பதால் புதியவர்கள் இழுப்பைவிட இரண்டு அங்குலம் நீண்ட தண்டில் தொடங்கி, வலப்புறம் போகும் அம்பை ஒவ்வொரு முறையும் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர் மட்டும் குறைத்துக் குறைத்து நடுவுக்குக் கொண்டுவருவதுதான் சிறந்த வழி. ஒரே நாளில் முனையையும் நீளத்தையும் நாணையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிறகு தெரியவே தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்று, அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு. பத்து மீட்டரில் பொருந்தியது இருபதிலும் பொருந்தினால் வேலை முடிந்தது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. இந்தச் சோதனையில் அதற்குப் பெரிய இடமுண்டு. விரலை ஒவ்வொரு முறையும் வேறு விதமாக விடுபவரின் இறகில்லா அம்பு ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் போகும். அதைக் கொண்டு தண்டை வெட்டினால் நல்ல தண்டும் பாழாகும். இறகுள்ள மூன்று அம்புகளும் பத்து மீட்டரில் ஓர் உள்ளங்கைக்குள் சேரத் தொடங்கும் வரை, கத்தரியையும் அரத்தையும் தொடாமல் பயிற்சி மட்டும் செய்வது நல்லது. ஒரே எய்தலை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம்; ஐந்து முறையில் நான்கு முறை ஒரே பக்கம் போனால்தான் அது அம்பு சொல்லும் சொல்.

மர அம்பு வைத்திருக்கும் மலைவாசிகளுக்குத் தனியாக இரண்டு சொற்கள். கோத்தகிரி சரிவில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருமழை. அந்த இரண்டு மாதமும் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். மரம் ஈரத்தை உறிஞ்சினால் எடை கூடும், விறைப்பு குறையும், தண்டின் நேரான தன்மையும் கெடும். கோடையில் நடுவில் குத்திய அம்பு கார்த்திகையில் வலப்புறம் சரிவதை நான் இருமுறை பார்த்திருக்கிறேன். மெருகெண்ணெயை மூன்று பூச்சு, வெட்டிய நுனிகளிலும் சேர்த்துப் பூசி, அம்புகளைச் சுவரில் சாய்த்து வைக்காமல் கிடையாகவோ நேர் தொங்கலாகவோ வைத்தால் பெரும்பகுதி தப்பிக்கலாம். மலையில் காற்று மெலிந்திருப்பதால் அம்பு வேறு விதமாகப் போகுமா என்று சிலர் கேட்பார்கள். உதகையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் இருபது மீட்டருக்குள் எய்யும் நமக்கு அது ஒரு பொருட்டன்று.

இரண்டாவது சொல் பாதுகாப்பு பற்றியது. ஒருமுறை தச்சர் ஒருவர் சில்வர் ஓக்கில் கடைந்து தந்த அழகான குச்சிகளை அம்பாக்கினேன். மரத்தின் நார் தண்டின் நெடுக்கே ஓடாமல் பாதியில் பக்கவாட்டில் வெளியேறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் ஒன்று வில்லிலேயே முறிந்து, உடைந்த முனை என் இடக்கைக்கு மேலாகப் பறந்தது. கையில் படாதது என் நல்லநேரம். அன்றிலிருந்து ஒவ்வொரு தண்டையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, நார் முனையிலிருந்து கடை வரை ஓடுகிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்குகிறேன். நாணைக் கவ்வும் நாக் பிளவை மரத்தின் வளையக் கோடுகளுக்குக் குறுக்காக வெட்ட வேண்டும்; அப்போது கோடுகள் நெருங்கித் தெரியும் பக்கம் வில்லை நோக்கி அமையும், அந்தத் திசையில்தான் தண்டுக்கு விறைப்பு அதிகம். திண்ணைப் பலகையில் அளக்கும்போதும் அதே பக்கத்தை வைத்தே அளக்க வேண்டும். இல்லையேல் அளந்தது ஒன்று, எய்தது வேறு என்றாகிவிடும். எய்வதற்கு முன் ஒவ்வோர் அம்பையும் விரலால் தடவி, சற்றே வளைத்துப் பார்த்து, விரிசல் இருந்தால் அங்கேயே இரண்டாக ஒடித்துப் போட்டுவிடுங்கள். ஒடிக்காமல் வைத்தால் யாரோ ஒருவர் எடுத்து எய்துவிடுவார்.

இந்த ஒழுங்கெல்லாம் வேட்டையில் ஏன் இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்று கேட்டால், விடை கத்தி முனையில் இருக்கிறது. பயிற்சி முனை வழுவழுப்பானது. அம்பு சற்றுக் கோணலாகப் போனாலும் இறகு இழுத்துத் திருத்திவிடும். அகன்ற கத்தி முனையோ காற்றைப் பிடித்து, முன்னால் வைத்த சிறகைப்போல அம்பைத் தன் போக்கில் திருப்பப் பார்க்கும். தண்டு பொருந்தாத அம்பில் அந்தக் கோணல் பன்மடங்காகும். கோணலாகப் போய்ப் படும் அம்பின் ஆற்றல் முன்னோக்கிப் போகாமல் தண்டை ஆட்டுவதில் வீணாகி, விலங்கு சாகாமல் காயத்தோடு ஓடும். எனவேதான் அங்கே வேட்டைக்குப் போகிறவர்கள் இறகில்லா அம்பால் பொருத்தம் பார்த்த பிறகு, பயிற்சி முனையும் கத்தி முனையும் ஒரே எடையில் ஒரே இடத்தில் குத்துகின்றனவா என்று மறுபடியும் பார்க்கிறார்கள். சாக்குக்கு வலிக்காது என்பதால் நமக்கு அந்தக் கடைசிப் படி தேவையில்லை. அதற்கு முந்தைய படிகள் எல்லாம் அப்படியே தேவை.

மூன்றாம் எண்ணையும் ஐந்தாம் எண்ணையும் நான் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் என் இழுப்புக்கு நீளம் போதாமல் போயிருக்கும். அக்கா மகன் விடுமுறைக்குக் கோவையிலிருந்து வரும்போது கொண்டுவரும் வில் 35 பவுண்டு. இரண்டையும் அவன் கையில் கொடுத்தேன். "மாமா, இது உங்களுக்கு வலப்பக்கம் போற அம்புதானே?" என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் நாணில் பூட்டினான். பதினைந்து மீட்டரில் இரண்டும் அருகருகே, சாக்கின் நடுவிலிருந்த நீலக் கோட்டில் குத்தி நின்றன.